எண்டாலும்

"இவ வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."
நாலாவது அமர்வில், டொக்டர் ஆம்ஸ்லரைப் பார்த்தபடி,
தமிழில் சொன்னார்.
அதையும் நான்தான் ஜெர்மனில் சொன்னேன்,
தன்மை ஒருமையில், விதிப்படி:
இந்தப் பெண் எனக்கு வேண்டாம்.

ஓல்டனில், ஆரே ஆற்றின் பனிமூட்டம்
ஜன்னல்வரை வந்து நின்ற காலை.

அவர் கேட்டதில் பிழையில்லை.
பெயர் சொல்லாமல்தான் சொன்னேன் தங்கையிடம்,
பருப்பு வேகிற நேரம்:
"குளிர்க் கிடங்கில வேலை செய்யிற ஒராள்..."
இந்த ஊரில் அதுவே பெயர்.
தங்கையின் மகனும் தவநேசன் மகளும்
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரே வாங்கு.

பிறகு அவருக்கு ஒரு செயலி கொடுத்தார்கள்.
தமிழ் கேட்கும், தமிழில் பதில் சொல்லும்.
டொக்டருக்கு ஜெர்மனில் சுருக்கம் எழுதி
ஓரத்தில் ஒரு நிறம் வைக்கும்.
உச்சுக் கொட்டாது. எந்த ஊர், ஆற்றை ஆள் என்று கேட்காது.
விடியப்புறம் மூன்று மணிக்கு
நான் குறட்டை விடுகையில் அது விழித்திருக்கும்.
எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

மாசியில் வேறு வேலை வந்தது சூரிச்சிலிருந்து,
வரிக்கு இருபது ராப்பன்:
இயந்திரத்தின் தமிழைச் சரிபார்ப்பது.
பெயர் அழித்து, ஊர் அழித்து, எண் ஒட்டிய பேச்சுகள்.
குரலையும் மாற்றியிருந்தார்கள்,
தகரப் பேணிக்குள் இருந்து வருவதுபோல.
யாரென்று ஊகிக்க முயலமாட்டேன் என்று
மூன்று இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

செவ்வாய் இரவு. பயனர் 0417.

"மகளுக்குப் பாண் வெட்டிக் குடுத்தனான், எண்டாலும்..."
"குளிசை போடுறன்தான், எண்டாலும்..."

வசனம் முடிகிற இடத்தில் ஒரு கதவைத் திறந்து
உள்ளே போகாமல் நிற்கிற ஆள்
எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.
எழுத்தில் அந்தச் சொல் இல்லை.
இயந்திரம் வெட்டியிருந்தது. காரணம்:
பொருளற்ற நிரப்பு.

அடுத்த வரி.
"கண்ணை மூடினால் காணும் போல கிடக்கு, எண்டாலும்..."
ஜெர்மனில்: மிகுந்த களைப்பு. தூங்க விரும்புகிறார்.
நிறம்: பச்சை.
அவருக்கு அது சொன்னது:
படுக்கைக்குப் போகுமுன் தொலைபேசியைத் தள்ளி வையுங்கள்.
"ஓம்" என்றிருக்கிறார்.

திருத்தப் பெட்டியில் எழுதினேன்.
கண்ணை மூடுதல்: இறத்தல்.
காணும்: போதும்.
திரை நன்றி சொன்னது.
உங்கள் திருத்தம் அடுத்த பதிப்பில் சேர்க்கப்படும், கோடையில்.

கோடையில்.

பதிவின் திகதியைப் பார்த்தேன். மூன்று நாள் பழசு.
குசினிக்குள் ஏன் இன்னும் வெளிச்சம் என்று
கணவர் வந்து கேட்டார்.
ஒண்டுமில்லை என்றேன்.

அழைத்தால் டொக்டர் கேட்பார்,
உங்களுக்கு எப்படித் தெரியும்?
பதில் சொன்னால் வேலை போகும். போகட்டும்.
அவருக்கும் தெரியவரும்:
என்னிடமிருந்து தப்பிப் போய் அவர் அழுத அறையில்
சுவராக நின்றதும் நான்தான் என்று.
இனி மூன்று மணிக்கு
எதனிடமும் வாய் திறக்கமாட்டார்.

எண்டாலும்
அவசர எண்ணை அழுத்தினேன்.

பங்குனியில் ஒரு நாள், மிக்ரோஸில்,
பால் அடுக்குப் பக்கம் கண்டேன்.
மெலிந்திருந்தார். என்னைப் பார்த்தார்.
பார்த்ததை அடுக்கிலேயே திருப்பி வைத்ததுபோல
மற்றப் பக்கம் போனார்.
வண்டிலில் பாண், முட்டை,
குதிரைப் படம் ஒட்டிய யோகட் ஆறு.
நான் வணக்கம் சொல்லவில்லை.
வரிசையில் நாலு பேர் பின்னால்
நின்றுகொண்டிருந்தேன்,
அவர் சில்லறை எண்ணி முடிக்கும்வரை.